வங்கிக்குத் தெரிந்த இன்னொருத்தி

அத்தியாயம் 5

"நீங்கதான் நீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சரிபார்ப்பு அதிகாரி இப்படிக் கேட்டதும் துப்பறிவாளர் மூக்கு தம் அடையாள அட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். ஊரில் எல்லாரும் அவரை மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. அவர் வாசலில் நின்றால் மூக்கு கூடத்துக்கு வந்துவிடும்.

"அட்டையில போட்டோ இருக்கேம்மா."

"இதுல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"ஒரு கேஸுக்காக மாறுவேஷம் போட வேண்டியிருந்தது."

"அப்ப மாறுவேஷம் போடற ஆளுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

மூக்கின் உதவியாளர் வாலு குறுக்கே வந்தாள். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாததால் கிடைத்த பெயர் அது. "மேடம், மீசையை விடுங்க. அந்த மூக்கைப் பாருங்க. அதுக்கு யாராலயாவது மாறுவேஷம் போட முடியுமா?"

அதிகாரி கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"சரி. மூக்கு ஒத்துப்போகுது. உட்காருங்க."

மூக்கு உட்கார்ந்தார். வாலு கவுன்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை இழுத்துப் பார்த்தாள். "பாஸ், பேனாவைக் கட்டிப் போட்டிருக்காங்க. திருடனை அவுத்து விட்டுட்டாங்க."

"திருடன்னு இன்னும் முடிவாகலை," என்றார் அதிகாரி. "எங்களைப் பொறுத்தவரைக்கும் அவங்க வாடிக்கையாளர். இதோ உக்காந்திருக்காங்களே, இவங்கதான் யாருன்னு தெரியலை."

'இவங்க' என்று அவர் காட்டிய அம்மாள் பக்கத்து நாற்காலியின் கைகளை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பல வருஷம் கரண்டி பிடித்த கைகள். மூக்குக்குப் போன் போட்டு வரச் சொன்னவர் அவர்தான்.

"சமையல்காரம்மா, முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மூக்கு.

"கப்பல்ல சமையல் வேலை கெடச்சிருக்கு சார். எத்தனையோ தடவை எழுதிப் போட்டு இப்பதான் கூப்பிட்டாங்க. எட்டு மாசப் பயணம். நாளைக்குக் காலையில ஏறணும். சம்பளத்தை இந்த வங்கியிலதான் போடுவாங்களாம். இன்னைக்குச் சாயங்காலம் கம்பெனி பூட்டறதுக்குள்ள என் பேர்ல இருக்கிற கணக்கு நம்பரைக் குடுக்கணும். இல்லேன்னா எனக்குப் பதிலா வேற ஒருத்தர். அவர் இப்பவே பெட்டியோட கம்பெனி வாசல்ல உக்காந்திருக்கார் சார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேற செய்யறார்."

"சரி, கணக்கு தொடங்க இங்க வந்தீங்க."

"வந்தா, ஏற்கெனவே தொடங்கியாச்சுங்கிறாங்க. நான் தொடங்கவே இல்லை!"

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன வாரம் போன்லயே தொடங்கினாங்க. 'வீட்டிலிருந்தே கணக்கு' திட்டம். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாங்க. நான்தான் அந்தப் போன்லயே அஞ்சு கேள்வி கேட்டேன். சொன்ன பதிலைப் பதிஞ்சுக்கிட்டேன். அப்புறம் நேர்ல வந்து அதே அஞ்சு கேள்விக்கும் அதே பதிலைச் சொன்னாத்தான் கணக்குக்கு உயிர் வரும். இவங்க வந்தாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. ரெண்டு தடவையும் அஞ்சும் தப்பு."

"அப்ப அந்தக் கணக்கை மூடிட்டுப் புதுசா ஒண்ணு..."

"மூடறதுக்கும் அதே அஞ்சு பதில் வேணும்."

"போன் எந்த நம்பர்லேர்ந்து வந்ததுன்னாவது..."

"அது வாடிக்கையாளரோட தனிப்பட்ட தகவல். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சொல்லுவேன்."

"இவங்கதானே வாடிக்கையாளர்?"

"அஞ்சு பதிலைச் சொன்னா."

வாலு தலையில் கை வைத்துக்கொண்டாள். "முகம் ஒத்துப்போகுது. அட்டை ஒத்துப்போகுது. ஆள் மட்டும் ஒத்துப்போகலை. சுவர்ல வேற 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்'னு எழுதி வச்சிருக்கீங்க!"

"அறிஞ்சுக்கத்தானே கேட்கிறோம்? இந்தா பாரும்மா, முகத்தை ஒப்பனை பண்ணி மாத்தலாம். கையெழுத்தைப் பழகலாம். மனசுல இருக்கிற பதிலை யாராலயும் திருட முடியாதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்காங்க. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருக்கு. அதுவும் தப்பானா மூணு மாசத்துக்குக் கணக்கைப் பூட்டிடுவோம்."

"மூணு மாசத்துல கப்பல் பாதி உலகம் சுத்தியிருக்கும்," என்றார் சமையல்காரம்மா. அழவில்லை. ஆனால் நாற்காலியின் கை கிரீச்சென்றது.

மூக்கு ஐந்து கேள்விகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிடித்த சாப்பாடு என்ன? பிடித்த நிறம் என்ன? எதற்கு அதிகம் பயப்படுவீர்கள்? உங்களை மிகவும் மகிழ்வித்த பரிசு எது? உங்கள் உற்ற நண்பர் யார்?

"நீங்க என்ன பதில் சொன்னீங்கம்மா?"

"உள்ளதைத்தான் சொன்னேன். முறுகலா வறுத்த மீன். சிவப்பு. பல்லி. பள்ளிக்கூடத்துல பந்தயத்துல ஜெயிச்ச சைக்கிள். அப்புறம் என்கூடக் காய் நறுக்குறாளே, அவ. தப்புன்னுட்டாங்க. எனக்கே சந்தேகம் வந்து ரெண்டாவது தடவை சாக்லேட், பச்சை, இடின்னு மாத்தி மாத்திச் சொன்னேன். அதுவும் தப்பு. சார், எனக்குப் பிடிச்சது எனக்கே தெரியலேன்னா நான் யாரு சார்?"

மூக்கு அதிகாரி பக்கம் திரும்பினார். "பதில் என்னன்னு நீங்க சொல்ல மாட்டீங்க."

"வேலை போயிடும்."

"குரல்?"

"பெண் குரல். மெல்லிசா, இனிமையா இருந்தது. தடுமாற்றமே இல்லை."

"அந்தப் பதிலைக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு சொல்லலாமா? அது வாடிக்கையாளரோட தகவல் இல்லையே. உங்களோடது."

அதிகாரி யோசித்தார். சட்டப் புத்தகத்தை மனசுக்குள்ளே ஒரு தரம் புரட்டினார் போலிருக்கிறது.

"அதைச் சொல்லலாம். முதல் நாலு பதிலைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைச்சது. போனைக் கீழே வச்சிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். ஒரு பொம்பளை இப்படியும் இருப்பாளான்னு பரிதாபமா இருந்தது."

"அஞ்சாவது?"

"அதுக்குச் சிரிச்சிட்டேன்."

"நாலு பரிதாபம், ஒரு சிரிப்பு," என்றாள் வாலு. "நல்ல துப்பு பாஸ். இதை வச்சுக் கல்யாணம் பண்ணிக்கலாம், கண்டுபிடிக்க முடியாது."

மூக்கு எழுந்தார். "அட்டையைப் படம் எடுக்கணும்னா வீட்டு ஆளாத்தான் இருக்கணும். வீட்டுல யார் யாரும்மா?"

"அத்தையும் அவரும்தான். கீழே அவரோட மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. நான் கப்பலுக்குப் போறது அத்தைக்குச் சுத்தமாப் பிடிக்கலை. அவர் பிடிச்சிருக்குன்னும் சொல்லலை, பிடிக்கலைன்னும் சொல்லலை. காலையில போன் பண்ணி இந்த மாதிரி மோசடி நடந்திருக்குன்னேன். 'ஐயையோ'ன்னார். கடையில ஆள் வந்திருக்குன்னு வச்சிட்டார்."

வாலு அந்த இடத்திலேயே வீட்டு நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். "வணக்கம்மா. உங்க மருமகள் விஷயமா உங்களைப் பார்க்க... ஓ. ஓஹோ. மன்னிச்சுக்குங்க சார்." போனை வைத்துவிட்டு அசடு வழிந்தாள். "வீட்டுக்காரர்தான் எடுத்தார் பாஸ். நான் அம்மான்னுட்டேன். கோவிச்சுக்கலை. பழக்கம்தானாம்."

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்றார் சமையல்காரம்மா. "நீங்க போயிட்டு வாங்க சார். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கப் போறதில்லை. நான் உக்காந்திருக்கிற வரைக்கும் கவுன்டரை மூட முடியாதில்ல?"

"மூடலாம்," என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மெதுவாத்தான் மூடுவேன்," என்றார்.

*

மாமியார் மாடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். போலீஸா என்று கேட்டார். இல்லை, துப்பறிகிறவர்கள் என்றதும் பாதி மரியாதையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கேளு தம்பி. என்ன கேட்கணும்?"

"உங்க மருமகளுக்குப் பிடிச்ச சாப்பாடு எது?"

"மீன். முறுகலா வறுக்கணும். வேண்டாம் வேண்டாம்னுட்டு வறுக்கும்போதே ஒரு துண்டை வாயில போட்டுக்குவா. நான் பார்க்கலைன்னு நெனப்பு."

"பிடிச்ச நிறம்?"

"சிவப்பு. தெருக்கோடிக் கடையில ஒரு சிவப்புக் குடை தொங்குது. போகும்போதும் நின்னு பார்ப்பா, வரும்போதும் நின்னு பார்ப்பா. வாங்கித் தொலையேண்டின்னா எனக்கெதுக்கு அத்தைம்பா."

"பயம்?"

"பல்லி. போன வாரம் அவ போட்ட கூச்சல்ல எனக்குக் காது அடைச்சுப்போச்சு. நான்தான் துடைப்பத்தை எடுத்து விரட்டினேன்."

"அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பரிசு?"

"சைக்கிள். பந்தயத்துல ஜெயிச்சாளாம். அதை மட்டும் கேட்டுடாதே தம்பி, ஆரம்பிச்சா சோறு ஆறிப்போகும்."

"உற்ற நண்பர்?"

"ஆஸ்பத்திரியில காய் நறுக்குறாளே ஒருத்தி. ரெண்டும் சேர்ந்தா என்னைப் பத்திதான் பேசும்."

வாலுவால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, மருமகள்னா உங்களுக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டோம். இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே?"

"ஆகாதவளைத்தாண்டி உன்னிப்பாப் பார்ப்பாங்க!" என்றார் மாமியார். ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, "கப்பல்ல போறாளாம் கப்பல்ல. அவ போயிட்டா நான் யாரைத் திட்டுறது?" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போதே வாலு மூக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாஸ், ஆள் சிக்கிடுச்சு! போகக் கூடாதுங்கிற எண்ணம் இருக்கு. வீட்டுலயே அட்டை இருக்கு. பெண் குரல். அஞ்சுக்கு அஞ்சு சரி!"

"அஞ்சும் சரி. அதனாலதான் அவங்க இல்லை."

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதீங்க பாஸ். உங்க மூக்குக்கு அது வெகுதூரம்."

"வாலு, இப்ப மாமியார் சொன்னது அத்தனையும் சமையல்காரம்மா வங்கியில சொன்னதுதானே? அதை அஞ்சும் தப்புன்னுட்டாங்க. அப்ப கணக்கு தொடங்கின ஆளுக்கு இந்த உண்மை எதுவும் தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாம் நிரபராதி."

"அடக் கொடுமையே. தெரியாத ஆளைத் தேடணும்னா வீதியில பாதிப் பேரைப் பிடிக்கணுமே."

"கடையில ஒருத்தர் இருக்கார். வா."

*

கண்ணாடிக்காரர் ஒல்லியாக, சுத்தமாக, நெஞ்சுப் பையில் நாலு துடைப்புத் துணியோடு இருந்தார். மூக்கைப் பார்த்ததும் தொழில் பக்தி பொங்கிவிட்டது அவருக்கு.

"உக்காருங்க சார், உக்காருங்க. அடடா! இதுக்கு ஃப்ரேம் தனியாத்தான் செய்யணும். பாலம் கட்டற மாதிரி."

குரல் புல்லாங்குழலின் மேல் துளையிலிருந்து வருவதுபோல் வந்தது. மூக்கு பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க மனைவியைப் பத்திச் சில கேள்வி. அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு எது?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஃப்ரேம் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். எடுக்கக் கொஞ்சம் அதிக நேரமாயிற்று. ஆனால் பதில் மட்டும் தயங்காமல் வந்தது.

"அடிப்பிடிச்சதுதான் சார். பாத்திரத்துல அடியில கருகி ஒட்டியிருக்கும் பாருங்க, அது. நாங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சதும் உக்காந்து சுரண்டிச் சாப்பிடுவா. அவ்வளவு ஆசை அதுமேல. நான் ஒரு நாளும் பங்குக்குப் போனதில்லை."

வாலு மூக்கைப் பார்த்தாள். மூக்கு சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார்.

"பிடிச்ச நிறம்?"

"சாம்பல். கல்யாணமான புதுசுல ஒரு சாம்பல் சால்வை வாங்கிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அதையேதான் போர்த்திக்கிட்டிருக்கா. வேற நிறம்னு வாயைத் திறந்து கேட்டதில்லையே."

"எதுக்குப் பயப்படுவாங்க?"

"தண்ணிக்கு. ஒரு தடவை படகுல கூட்டிட்டுப் போனேன். நான் பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வர்றேன், இவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. கரை வந்த பிறகுதான் திறந்தா." அவர் சட்டென்று ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "அவ போய்க் கப்பல்ல எட்டு மாசம்..."

"ரொம்பப் பிடிச்ச பரிசு?"

"இஸ்திரிப்பெட்டி. போன கல்யாண நாளுக்கு நான் குடுத்தது. பிரிச்சுப் பார்த்தா பாருங்க, பேச்சே வரலை அவளுக்கு!"

"அவங்களோட உற்ற நண்பர் யாரு?"

"என்ன சார் கேள்வி இது?" என்றார் கண்ணாடிக்காரர். "நான்தான்."

*

தெருவுக்கு வந்ததும் வாலு மூச்சை விட்டாள். "பாஸ், இவரை மாதிரி ஒரு நிரபராதியை நான் பார்த்ததே இல்லை. பொண்டாட்டியைப் பத்தி ஒண்ணுகூடத் தெரியலை. கோர்ட்டுல நிறுத்தினா ஜட்ஜ் விடுதலை பண்ணிடுவார். பொண்டாட்டி விட மாட்டாங்க."

மூக்கு சாலையைப் பார்த்தார். எதிர்க்கடை நிழல் நடைபாதையைத் தாண்டிச் சாலையில் பாதிக்கு வந்திருந்தது. வங்கி மூட அதிக நேரமில்லை. உண்மை தெரிந்தவர் நிரபராதி, தெரியாதவரும் நிரபராதி என்றால் வீட்டில் மூன்றாவது ஆள் யார்? பல்லியா?

"வாலு, அவர் சொன்ன பதிலை எல்லாம் திருப்பிச் சொல்லு. வரிசையா. போன்ல ஒரு பொம்பளை சொல்ற மாதிரி நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

"இப்ப எதுக்கு பாஸ் நாடகம்?"

"சொல்லு."

வாலு நடந்துகொண்டே ஆரம்பித்தாள். "எனக்குப் பிடிச்ச சாப்பாடு பாத்திரத்துல அடிப்பிடிச்சது. பிடிச்ச நிறம் சாம்பல். தண்ணின்னா பயம். எனக்குக் கிடைச்சதிலேயே சந்தோஷமான பரிசு இஸ்திரிப்..." அவள் நடை தளர்ந்தது. "ஐயோ பாவம் பாஸ். கேட்கவே ஒரு மாதிரி இருக்கு. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா?"

"அஞ்சாவது?"

"என் உற்ற நண்பர், என் கணவர்." சொல்லி முடிக்குமுன் வாலு வாயைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாலு பரிதாபம்," என்றார் மூக்கு. "ஒரு சிரிப்பு."

"பாஸ்!"

"அந்த அஞ்சாவது பதிலை இந்த உலகத்துல வேற யார் சொல்லுவா? பொண்டாட்டி சொல்ல மாட்டா. மாமியாருக்குத் தோணாது. திருடனுக்கு அவசியமில்லை. அதை மனசார நம்பக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருக்கார். நீ அவரை அம்மான்னு கூப்பிட்டே. வங்கியில மேடம்னு கூப்பிட்டிருக்காங்க."

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோமே! ஆனா பாஸ், செஞ்சவர் எதுக்கு நம்மகிட்டயும் அதையே சொன்னார்? மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"உண்மைன்னு நெனச்சுத்தான் சொன்னார். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்னு நெனப்பு. பொய் சொல்றோம்னு தெரிஞ்சவன்தானே மாத்திச் சொல்லுவான்?"

திரும்பிப் போய்க் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்காரர் தேள் கொட்டிய திருடன் மாதிரி அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மேடம்."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உதவிதான் சார் பண்ணேன். அவ கால் கடுக்க வரிசையில நிக்க வேண்டாமேன்னு நானே போன் போட்டேன். பேசினவங்க மேடம் மேடம்னாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. நீங்க வாடிக்கையாளரான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். அப்புறம் கடகடன்னு கேள்வி வந்துடுச்சு. நம்பர் வந்ததும் அவகிட்ட சந்தோஷமாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். காலையில அவ மோசடி, போலீஸ்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சு."

"இவ்வளவு நேரமா ஒட்டிக்கிட்டே இருந்ததா?" என்றாள் வாலு.

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நேரம் கழிச்சு... பேசாம இருந்தா அவ போகாம இருந்துடுவாளோன்னும் தோணுச்சு. அது தப்புதான்."

"வண்டி இருக்கா?"

"ஸ்கூட்டர் இருக்கு."

"சாவியை எடுங்க."

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்கள். நடுவில் உட்கார்ந்த வாலு வழியெல்லாம், "பாஸ், மூக்கை உள்ள இழுங்க, பஸ் வருது!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

*

வங்கியின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. காவலாளி தடுக்க, அதிகாரி உள்ளேயிருந்து, "அந்த மூக்கை நான் ஏற்கெனவே சரிபார்த்துட்டேன், விடுங்க," என்றார். குனிந்து நுழைந்தார்கள். சமையல்காரம்மா அதே நாற்காலியில் இருந்தார். கணவரைப் பார்த்ததும் அவர் முகத்தில் கேள்வி எழுந்தது. ஆனால் கேட்க நேரமில்லை.

"மூணாவது வாய்ப்பு," என்றார் அதிகாரி. "யாரும் பதில் சொல்லிக்குடுக்கக் கூடாது. குடுத்தா உடனே பூட்டிடுவேன்."

"பதில் சொல்ல மாட்டேன்," என்றார் மூக்கு. "ஒரே ஒரு யோசனை சொல்லலாமா?"

"யோசனை சொல்லக் கூடாதுன்னு விதியில இல்லை."

மூக்கு சமையல்காரம்மா பக்கம் குனிந்தார். "அம்மா, உங்களைப் பத்தி நீங்க சொல்லாதீங்க. இதே கேள்வியை உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா என்ன சொல்லுவாரோ, அதைச் சொல்லுங்க."

சமையல்காரம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். கணவர் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். சமையல்காரம்மா மெதுவாகக் கவுன்டர் பக்கம் திரும்பினார்.

"கேளுங்க மேடம்."

"பிடித்த சாப்பாடு?"

"அடிப்பிடிச்சது."

அதிகாரி திரையைப் பார்த்தார். "சரி."

"பிடித்த நிறம்?"

"சாம்பல்."

"சரி. எதற்கு அதிகம் பயப்படுவீர்கள்?"

"தண்ணி." சொல்லிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்: "என்னங்க, அந்தப் படகை வச்சுத்தானே சொன்னீங்க? நான் தண்ணிக்குப் பயந்து கண்ணை மூடலைங்க. நீங்க பாடினீங்க."

"சரி," என்றார் அதிகாரி. எதற்குச் சரி என்றார் என்று தெரியவில்லை. "மிகவும் மகிழ்வித்த பரிசு?"

"இஸ்திரிப்பெட்டி."

"சரி. உற்ற நண்பர்?"

இதற்குத்தான் அவர் கொஞ்சம் நிறுத்தினார். வாலு நகத்தைக் கடித்தாள். மூக்கு தம் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அவர்தான்," என்றார் சமையல்காரம்மா. "அப்படித்தான் நெனச்சிட்டிருப்பார்."

அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினார். உள்ளே ஏதோ அச்சு இயந்திரம் கரகரவென்று உயிர் பெற்றது. "வாழ்த்துகள். நீங்கள்தான் நீங்கள் என்று வங்கி ஏற்றுக்கொள்கிறது."

"யாரு, நானா?" என்றார் சமையல்காரம்மா. "அவளா?"

கணக்கு நம்பர் அச்சடித்து வந்த சீட்டைப் படம் பிடித்துக் கப்பல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் நாற்காலியின் கையை விட்டார். எழுந்திருக்கப் போனவரை அதிகாரி தடுத்தார்.

"இருங்கம்மா. கணக்கு இப்ப உங்களோடது. பதிலை மாத்திக்கணும்னா மாத்திக்கலாம். மாத்திக்கிறது நல்லதுன்னு..." சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் தனிப்பட்ட முறையில நெனக்கிறேன். ஆனா ரகசியமாச் சொல்லணும். மத்தவங்க எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே போங்க. குறிப்பா நீங்க, மேடம்," என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் வெளியே போய்க் கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் மனைவி அதிகாரியின் காதருகே குனிந்து பேசுவது தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு பதிலுக்கு அவர் கையை அகல விரித்துக் காட்டினார். ஒரு பதிலுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றா சார்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தனிப்பட்ட தகவல்," என்றார் மூக்கு.

"அஞ்சாவதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கறாளே. அதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சார்," என்றாள் வாலு, "எட்டு மாசம் இருக்கு. நீங்க உக்காந்து யோசிங்க."

சமையல்காரம்மா வெளியே வரும்போது கையில் போன் ஒலித்தது. செய்தியை உரக்கப் படித்தார். கணக்கு நம்பர் கிடைத்தது, விடியற்காலை துறைமுகத்துக்கு வரவும், மாற்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். படித்து முடித்துவிட்டு இன்னொரு தரம் தமக்குள்ளே படித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் வழியை மறித்தாற்போல் நின்றார். நெற்றியில் கதவுக் கண்ணாடியின் அழுத்தம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"அப்ப போறியா?"

"போறேன்."

"நான் போன் பண்ணது..."

"அதை வந்து பேசிக்கலாம்."

அவர் நெஞ்சுப் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பாராத அந்த மெல்லிய குரலில், "கப்பல்ல உனக்கு யாரு சமைச்சுப் போடுவாங்க?" என்று கேட்டார்.

சமையல்காரம்மா ஏதோ சட்டென்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை எந்த வங்கியும் கேட்டதில்லை. வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. மூக்கு சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நானேதான் சமைச்சுக்கணும்," என்றார் சமையல்காரம்மா. "ஆனா கப்பல்ல ஒரு சட்டம் இருக்காம். சமைச்சவங்க முதல்ல சாப்பிட்டுக் காட்டணுமாம். அதுக்கப்புறம்தான் கேப்டனுக்கே குடுப்பாங்களாம்."

சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"முதல் தட்டு எனக்கு. சூடா."